பொட்டலத்தில் மடங்காத வைத்தியம்

விடுமுறை முடிந்து துபாய்க்கோ தம்மாமுக்கோ திரும்பும் நெல்லைக்காரரின் பெட்டியில் இரண்டு வகைச் சாமான்கள் தவறாமல் இருக்கும். அல்வா, வற்றல், அப்பளம், கருவாடு, ஊறுகாய் ஒரு வகை. நாட்டு மருந்துக் கடையில் கட்டி வாங்கிய மருதம்பட்டைத் தூள், திரிபலா சூரணம், சுக்கு, வெந்தயம் இன்னொரு வகை. அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு அம்மாமார் கொடுத்தனுப்புவதும் ஏறத்தாழ இதுதான். முதல் வகை நாக்குக்கு, இரண்டாவது நெஞ்சுக்கு. நாற்பதைத் தொட்டவர்கள் இருக்கும் வெளிநாட்டுத் தமிழர் வீடுகளில் மாரடைப்பைப் பற்றிய பயம் இருக்கிறது. அது ஆதாரமில்லாத பயமும் அல்ல. அந்தப் பொட்டலங்கள் எவ்வளவு தூரம் காக்கும் என்பதுதான் கேள்வி.

புலம்பெயர்ந்த இந்தியருக்கு இதய நோய் அதிகம் என்பதற்கான தொடக்கச் சான்றுகளில் ஒன்று, தமிழர்கள் நிறைந்த ஒரு துறைமுகத்திலிருந்தே வந்தது. சிங்கப்பூரில் பிரேதப் பரிசோதனைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்த மருத்துவர் டி. ஜே. தனராஜும் அவருடைய குழுவினரும், அதே ஊரில் அதே காற்றைச் சுவாசித்த சீனர்களைவிட இந்தியர்களுக்கு இதயத் தமனி நோய் பன்மடங்கு அதிகமாக இருந்ததை 1959இல் எழுதினார்கள். அன்றைய சிங்கப்பூர் இந்தியரில் பெரும்பாலோர் தமிழர். தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் பல, அதற்கு முன்பே அங்கே வேர் பிடித்திருந்தன. ஆக, இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை.

பிறகு வந்த ஆய்வுகள் காரணங்களைத் தேடின. 1991இல் மெக்கீக், மார்மட் முதலியோர் லண்டனில் வாழும் தெற்காசியரை அளந்தார்கள். ஆளைப் பார்த்தால் பருமன் தெரியாது. ஆனால் வயிற்றில் கொழுப்பு, இன்சுலினுக்கு உடல் சரியாகப் பணியாத நிலை, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பின் உயர்வு, குறைந்த நல்ல கொழுப்பு ஆகியவை ஒரு கூட்டமாகச் சேர்ந்திருந்தன. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளியானது. அதிலிருந்த தெற்காசியரை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், மற்ற நாட்டவருக்கு அது 59ஐ ஒட்டியது என்றும் தெரிந்தது. கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகள் முன்னதாக. பிள்ளை கல்லூரியில் இருக்கும்போது, வீட்டுக் கடன் பாதியில் நிற்கும்போது வரும் மாரடைப்பு அது.

ஒல்லியாக இருக்கிறோம், நமக்கு ஒன்றும் வராது என்று நம்புகிறவர்கள் 2004இல் லான்செட் இதழில் வந்த ஒரு புகைப்படத்தைப் பார்க்க வேண்டும். புணே மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் யட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு ஒன்றே: 22.3. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். தராசு சொல்லாததை இடுப்பு நாடா சொல்லும் என்பதால்தான் இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்று எல்லை வைத்திருக்கிறார்கள். இவற்றோடு லிப்போபுரோட்டீன்(ஏ) என்றொரு பரம்பரைக் கொழுப்பும் உண்டு. நான்கு இந்தியரில் ஒருவருக்கு அது அபாய அளவைத் தாண்டியிருக்கும். உணவாலும் நடையாலும் அது அசையாது. வாழ்நாளில் ஒரு முறை அளந்து தெரிந்துகொண்டால், மற்ற எல்லாவற்றிலும் கூடுதல் கண்டிப்பு தேவையா என்பது புரிந்துவிடும். சிகாகோவிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் 2010 முதல் தெற்காசியரைப் பின்தொடரும், மசாலா (MASALA) என்று பெயரிட்ட ஆய்வு இந்தப் படத்தையே மேலும் துல்லியமாக்கி வருகிறது. அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2018இல் வெளியிட்ட கொலஸ்ட்ரால் வழிகாட்டுதல், தெற்காசிய வம்சாவளி என்பதையே அபாயத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டது.

இந்த உடலை எடுத்துக்கொண்டுதான் கடல் கடக்கிறோம். அங்கே நடை நின்றுவிடுகிறது. வளைகுடாவின் தொழிலாளர் அறைகளில் இரவு பதினொரு மணிக்குச் சாப்பாடு, தூக்கம் அரைகுறை, சிகரெட் தாராளம், ஊரிலிருந்து வரும் போனில் பாதி பணக் கவலை. டெக்சாஸ் வீட்டில் பால் வாங்கக்கூடக் கார். ஊரில் மாப்பிள்ளை மறுவீட்டுக்கு வந்தால் மட்டும் வைத்த சொதி, டப்பாவில் தேங்காய்ப்பால் கிடைப்பதால் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமைச் சமையலாகிறது. சொதி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. விருந்து அன்றாடமானதுதான் சங்கடம்.

இனி ஆயுர்வேதத்துக்கு வருவோம். நெல்லைச் சீமை சித்த மருத்துவத்தின் தாய்மண். பொதிகையும் அகத்தியரும் அருகிலேயே இருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஆனாலும் மேற்கே மலையைத் தாண்டினால் கேரள ஆயுர்வேதம். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். அரிஷ்டமும் கஷாயமும் கணவாய் வழியாக இறங்கி வந்து, இங்குள்ள சூரணங்களோடு ஒரே அலமாரியில் உட்கார்ந்துவிட்டன. வாங்குகிறவர் இது எந்த முறை என்று கேட்பதில்லை. வாதம், பித்தம், கபம் என்றாலும் வளி, அழல், ஐயம் என்றாலும் அடிப்படைக் கணக்கு ஒன்றுக்கொன்று உறவுதான்.

ஆயுர்வேத மூலநூல் ஆசிரியரான சரகர் இதய நோயை ஐந்தாகப் பிரிக்கிறார்: வாதம், பித்தம், கபம் என்ற மூன்று தோஷங்களால் தனித்தனியே வருபவை, மூன்றும் சேர்ந்து வருவது, கிருமியால் வருவது. தமனிக்குள் கொழுப்புப் படிந்து அடைக்கும் இன்றைய நோயை இந்த ஐந்தில் ஒன்றோடு நேருக்கு நேர் பொருத்திக் காட்டும் விளம்பரங்கள் எல்லாம் கொஞ்சம் இழுத்துக் கட்டியவையே. என் பார்வையில், நம் காலத்து மாரடைப்புக்கு மிக நெருங்கிய பக்கங்கள் இதய நோய் அத்தியாயத்தில் இல்லை. பிரமேகம் என்ற நீரிழிவு வகை நோய்களைப் பேசும் இடத்தில் இருக்கின்றன. பிரமேகத்துக்குச் சரகர் அடுக்கும் காரணங்களைப் பாருங்கள்: உட்கார்ந்திருக்கும் சுகம், தூங்கும் சுகம், தயிர், கொழுத்த இறைச்சிச் சாறுகள், பால், புது அரிசி, வெல்லத்தில் செய்த பண்டங்கள். இன்றைய மருத்துவர் எழுதிக் கொடுக்கும் தாளிலிருந்து இது எவ்வளவு விலகியிருக்கிறது?

இன்னொரு மூலநூல் ஆசிரியரான சுசுருதர் இன்னும் கறார். பிரமேகம் வந்த ஏழை, செருப்பும் குடையும் இல்லாமல், பிச்சை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு ஊரில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்காமல் நூறு யோசனை (பழைய தூர அளவு) நடக்கட்டும் என்கிறார். கிணறு வெட்டச் சொல்வதும் அவருடைய சிகிச்சையில் உண்டு. மருந்துக் கடைக்கு இதில் ஒரு காசு லாபம் இல்லை. அதோடு, இதயத்தைக் காக்க விரும்புகிறவன் மனத்துக்குத் துன்பம் தரும் காரணங்களை முக்கியமாக விலக்க வேண்டும் என்று சரகர் சொல்கிறார். இன்டர்ஹார்ட் கண்டறிந்த ஒன்பது காரணிகளில் மன அழுத்தமும் ஒன்று என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஆயுர்வேதத்தில் இதயத்துக்கு உண்மையாகவே உதவக்கூடிய பகுதி இதுதான்: தினசரி ஒழுங்கு, அளவான உணவு, பாதிச் சக்தி தீரும் அளவுக்கு உடற்பயிற்சி, நேரத்துக்குத் தூக்கம். பொட்டலம் கட்டிக் கொடுக்க முடியாத பகுதியும் இதுவேதான்.

அதற்காகப் பொட்டலத்தில் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு நாட்டு மருந்துக் கடை முன்பு கொஞ்ச நேரம் நின்றால் போதும். "அண்ணாச்சி, நெஞ்சுக்கு ஏதாவது கொடுங்கள்" என்று யாராவது கேட்பார்கள். கடைக்காரர் யோசிக்காமல் மருதம்பட்டை டப்பாவை எடுப்பார். பட்டைத் துண்டு வெளிப்பக்கம் சாம்பல் வெளுப்பு, உள்பக்கம் இளஞ்சிவப்பு. வாயில் போட்டால் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. "தூளாகவா, பட்டையாகவா?" என்று கேட்டு, செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பார். விவரம் தெரிந்தவர்கள் பட்டையாகவே வாங்குவார்கள். தூளானபின் அது எந்த மரத்தின் பட்டை என்று யாரும் சொல்ல முடியாது.

மருதம் இந்த ஊர் மரம். தாமிரபரணிக் கரையில் வேரை நீரில் நீட்டிக்கொண்டு நிற்கும். தாமிரபரணியோடு கடனா நதி கலக்கும் திருப்புடைமருதூரில் அதுதான் தல விருட்சம். அதன் பட்டையைப் பாலில் காய்ச்சிக் குடிக்கும் முறை, 11ஆம் நூற்றாண்டு வைத்தியர் சக்ரபாணிதத்தர் காலத்திலேயே இதய நோய்க்கு எழுதப்பட்டது. பால் கஷாயத்துக்கான பழைய கணக்கு: மருந்து 1 பங்கு, பால் 8, தண்ணீர் 32; தண்ணீர் வற்றிப் பால் மட்டும் மிஞ்சும்வரை காய்ச்ச வேண்டும். மின்சார அடுப்பில் இரண்டு நிமிடம் கொதிக்கவைத்து டம்ளரில் ஊற்றிக்கொள்வது இந்த முறையில் சேராது.

ஆய்வுக்கூடம் மருதத்தை எப்படிப் பார்த்தது? கலவையாக. 2002இல் வெளியான இந்தூர் ஆய்வில், நடந்தால் நெஞ்சுவலி வரும் 58 ஆண்களுக்கு மருதம்பட்டைச் சாறு ஒரு வாரம், வழக்கமான நைட்ரேட் மாத்திரை ஒரு வாரம், மருந்தில்லாத வெற்று மாத்திரை ஒரு வாரம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மருதம் கொடுத்த வாரத்தில் வலி குறைந்தது. நல்ல சேதிதான், ஆனால் ஒரு வாரக் கணக்கு. டெல்லி எய்ம்ஸில் இதயச் செயலிழப்பு உள்ள 100 பேருக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளியானது. இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறனில் வெற்று மாத்திரையைவிட மேலான முன்னேற்றம் தெரியவில்லை. மருதம் குடித்ததால் மாரடைப்பு வராமல் தடுக்கப்பட்டது என்று நீண்ட காலம் பெருங்கூட்டத்தைப் பின்தொடர்ந்து யாரும் நிரூபிக்கவில்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரைக்கு அப்படிப்பட்ட நிரூபணம் ஒன்றல்ல, பல இருக்கின்றன. மருதத்தை நம்புகிறவர்கள் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு நம்பினால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

குக்குலுவின் கதை இதைவிடச் சுவாரசியம். ராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலங்களில் வளரும் செடியின் பிசின் அது. சுசுருதர் உடற்கொழுப்பு நோய்க்கு அதைச் சொன்னதைப் படித்து, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் சத்யவதி 1966இல் தன் ஆய்வேட்டில் முயல்களைக் கொண்டு சோதித்தார். அதிலிருந்து வளர்ந்த மருந்து 1987இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. பழைய சுவடியிலிருந்து ஒரு மாத்திரை பிறந்ததாக நாடே பெருமைப்பட்டது. 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 103 பேருக்கு எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தபோது, கெட்ட கொழுப்பு இறங்கவில்லை. நான்கைந்து சதவீதம் ஏறியது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இறங்கியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. இந்திய உணவு சாப்பிடும் உடலில் வேறு மாதிரி வேலை செய்யுமோ என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அமெரிக்காவில் வாழும் தமிழர் சாப்பிடுவது எந்த உணவு என்று முதலில் அவரைக் கேட்க வேண்டும். பிரஷர், நெஞ்சுவலிக்குத் தரும் டில்டியாசம், புரோப்ரானலால் மாத்திரைகள் ரத்தத்தில் சேரும் அளவைக் குக்குலு குறைத்துவிடுவதும் பதிவாகியிருக்கிறது. கொழுப்புக்கு என்று சாப்பிட்டது, பிரஷர் மாத்திரையின் காலை வாரிவிடலாம்.

இப்படிப் பார்த்தால் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலும் எச்சரிக்கை தேவைப்படுகிறது. தொண்டை கட்டினால் வாயில் போட்டுக்கொள்ளும் அதிமதுரத்தைத் தொடர்ந்து நிறையச் சாப்பிட்டால் உடலில் பொட்டாசியம் இறங்கி ரத்த அழுத்தம் ஏறும். பிரஷர்காரருக்கு அது ஆகாது. அர்ஜுனாரிஷ்டம் மருதத்தில் செய்ததுதான், ஆனால் வெல்லம் போட்டு நொதிக்கவைப்பதால் இனிப்பும் இயற்கையாக ஊறிய சாராயமும் அதில் இருக்கும். சர்க்கரை நோயாளி வேளாவேளைக்கு மூடி மூடியாகக் குடிக்கும் முன் யோசிக்க வேண்டும். பூண்டு மாத்திரை ரத்தத்தை இளக்கும்; ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஆஸ்பிரினோடும் வார்ஃபரினோடும் சேர்ந்தால் ரத்தக் கசிவு கூடலாம். கருப்பட்டி சர்க்கரை இல்லை என்ற நம்பிக்கையும் இங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டியின் மணம் வேறு, ரத்தத்தில் ஏறும் சர்க்கரைக் கணக்கு வேறு.

பயப்பட வேண்டிய இன்னொரு விஷயம் உலோகம். பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள தெற்காசிய மளிகைக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருட்களை வாங்கிச் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது இருந்தது. நான்கு ஆண்டு கழித்து இணையத்தில் விற்ற 193 பொருட்களைச் சோதித்தபோதும் ஐந்தில் ஒன்று என்ற கணக்கு மாறவில்லை. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இவை துணை உணவுகள் என்ற பெயரில் விற்கப்படுகின்றன. விற்பனைக்கு முன் அரசு அனுமதி தேவையில்லை. "வேர் பாரு, தழை பாரு, மிஞ்சினக்கால் மெல்ல மெல்லப் பற்பம் செந்தூரம் பாரு" என்று நம் சித்த வைத்தியர்கள் வரிசை வைத்துச் சொன்னது சும்மா இல்லை. உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டுச் செய்யும் பற்பமும் செந்தூரமும் வைத்தியரின் நேரடிக் கண்காணிப்பில் எடுக்க வேண்டியவை. அவற்றை ஆன்லைனில் வரவழைத்து ஆண்டுக்கணக்கில் தொண்டைக்குள் இறக்குவதைச் சித்த மருத்துவமே ஏற்காது. இதய நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் குற்றம். அந்த விளம்பரங்கள் வாட்ஸ்அப்பில் எத்தனை வருகின்றன என்று உங்கள் போனையே பாருங்கள்.

வாழ்க்கை முறையை மாற்றுவது பற்றி நம்பகமான சான்று எங்கே இருக்கிறது என்றால், வேடிக்கையாக அமெரிக்காவில்தான் இருக்கிறது. டீன் ஆர்னிஷ் என்ற மருத்துவர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு மிகக் குறைந்த சைவ உணவு, நடை, யோகம், தியானம், குழுவாகப் பேசுவது ஆகியவற்றை ஓராண்டு கடைப்பிடித்த இதய நோயாளிகள் பெரும்பாலோருக்கு அடைப்பு சற்றே பின்வாங்கியது. ஆய்வு சிறியது; 48 பேர்தான். ஆர்னிஷுக்கு யோகம் கற்றுக்கொடுத்தவர் கோவைப் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. அந்தத் திட்டத்துக்கு 2010இல் அமெரிக்க அரசின் மூத்தோர் காப்பீடே பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது. இந்தியாவில் மாரடைப்புக்குப் பின் 3,959 பேரை வைத்து 24 மருத்துவமனைகளில் நடந்த யோகா ஆய்வு 2020இல் வெளியானது. மரணமும் மறு மாரடைப்பும் குறைந்ததாக அதில் உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் பழைய வேலைகளுக்குத் திரும்பியவர்கள் கூடுதல், உடல் நலமாக உணர்ந்தவர்களும் கூடுதல். யோகம் மாத்திரைக்கு மாற்று என்பவர்கள் முதல் பாதியையும், யோகம் வீண் என்பவர்கள் இரண்டாம் பாதியையும் படிப்பதில்லை.

நெல்லைச் சமையலை வைத்தே ஒரு நல்ல திட்டம் போடலாம். கம்பங்கூழ், முருங்கைக்கீரை, அவியலில் எண்ணெயைக் குறைத்த பதிப்பு, சாளை மீன் குழம்பு, பயறு வகைகள் எல்லாம் நம்மிடமே இருக்கின்றன. உளுந்தங்களி சத்தான பண்டம்தான்; கருப்பட்டியும் நல்லெண்ணெயும் எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதில்தான் அதன் குணம் மாறுகிறது. பரோட்டா சால்னா மாதம் ஒரு முறை போதும். உப்புக் கண்டமும் கருவாடும் அப்பளமும் ஊறுகாயும் பிரஷர் உள்ளவர் தட்டிலிருந்து நகர வேண்டும். ஊரை நினைத்து ஏங்கும் நாக்குக்கு இதுதான் கடினமான வைத்தியம் என்பது எனக்குத் தெரியும். நெய்யை ஆயுர்வேதம் புகழ்கிறதே என்பார்கள். புகழ்கிறது, செரிக்கும் நெருப்பும் உழைக்கும் உடலும் உள்ளவனுக்கு.

ஒரு விஷயத்தில் மட்டும் எந்த நாட்டு மருந்துக்கும் இடம் கொடுக்கக் கூடாது. நெஞ்சில் பாரம், இடது கை உளைச்சல், தாடை வலி, வியர்வை வந்தால் நம் ஊர் முதலில் சொல்வது "வாய்வுப் பிடிப்பு". ஓமத் திரவம், சுக்குக் கஷாயம், ஒரு சோடா, நெஞ்சில் தைலம் என்று இரண்டு மணி நேரம் போய்விடும். வளைகுடாவில் இதோடு லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்களே என்ற கவலையும் சேரும். அடைபட்ட தமனிக்குப் பின்னால் இருக்கும் தசை நிமிடக் கணக்கில் சாகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் அசதியுமாக வரலாம். ஊரில் என்றால் 108, வெளிநாட்டில் என்றால் அந்த நாட்டு அவசர எண். அந்த எண்ணை அறையில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவைப்பது நல்லது. கஷாயம் வாய்வுக்குத்தான், ஈசிஜி எடுத்து வாய்வுதான் என்று தெரிந்த பிறகு.

பரிசோதனையை நாற்பது வரை தள்ளிப்போட வேண்டியதில்லை. இந்திய இதய மருத்துவர் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 18 வயதிலேயே முதல் கொழுப்புப் பரிசோதனையைச் செய்யச் சொல்கிறது. அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ ஐம்பதுக்குள் நெஞ்சுவலி வந்திருந்தால் இன்னும் முன்பே பார்க்கலாம்.

வெளிநாட்டு மருத்துவர் "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கும்போது நம்மவர்கள் இல்லை என்றே சொல்கிறார்கள். பொய் சொல்லும் எண்ணம் இல்லை; அம்மா கொடுத்தனுப்பிய சூரணத்தை யாரும் மருந்து என்று நினைப்பதில்லை. விடுமுறைக்கு வரும்போது பாளையங்கோட்டையிலோ உங்கள் ஊரிலோ பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவரைப் பாருங்கள்; இப்போது சாப்பிடும் ஆங்கில மாத்திரைகளின் சீட்டை அவரிடம் காட்டுங்கள். அவர் தருவதை அளவோடும் தாவரப் பெயரோடும் எழுதி வாங்குங்கள். மருதம்பட்டை என்றால் சிகாகோ மருத்துவருக்குத் தெரியாது. டெர்மினாலியா அர்ஜுனா, ஒரு நாளைக்கு இத்தனை கிராம் என்று எழுதியிருந்தால் அவரே தேடிப் பார்த்துக்கொள்வார். ஆஞ்சியோவோ அறுவைச் சிகிச்சையோ குறித்திருந்தால், அந்தத் தேதிக்கு முன்பே இந்தச் சீட்டு அவர் கையில் இருக்க வேண்டும்.